சனிக்கிழமை சாயங்கால விசுவாச வகுப்பு: ஒரு பத்திர எழுத்தரின் பார்வையில்

பாளையங்கோட்டையில் ஒரு சபை சனிக்கிழமைதோறும் சாயங்காலம் 6 மணிக்கு 'அப்பாலஜெடிக்ஸ்' வகுப்பு நடத்துகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் முறைக்காமல், மழுப்பாமல், காரணம் காட்டிப் பதில் சொல்லப் பழக்கும் வகுப்பு. மொத்தம் 8 வாரம், கட்டணம் 500 ரூபாய். ஸ்பைரல் போட்ட குறிப்புப் புத்தகமும் இடைவேளை டீ, உளுந்தவடையும் அதிலேயே அடக்கம். சபையின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதும் சொல்ல இருக்கிறது, குறையும் சொல்ல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆட்கள்.

நான் பத்திரம் எழுதுகிறவன். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் எனக்குப் பக்கத்து மேஜை ஸ்டாம்ப் வெண்டர் அண்ணாச்சி, கறுப்புச்சட்டைக்காரர். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை தவறாமல் "என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டாரா?" என்று கேட்பார். அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஒருநாள் வேறு மாதிரி கேட்டார்: "ஒரு சென்ட் நிலம்னாலும் தாய்ப்பத்திரம் எங்க, சாட்சி யாரு, வில்லங்கம் உண்டான்னு குடைஞ்சு எடுக்கீய. பைபிளுக்கு மட்டும் அதெல்லாம் கேக்க மாட்டீயளோ?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கிறதா என்று பார்க்கத்தான் பணம் கட்டினேன். வகுப்பை எடைபோட்டதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதல் வாரம் அறிமுகம். பேதுருவின் முதல் நிருபம், 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனம்: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." உத்தரவு என்றால் இங்கே பதில். மற்றபடி பெயர் சொல்லி அறிமுகம், ஜெபம், வடை. இந்த வாரத்தைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரங்களை மட்டும் தவறவிடாதீர்கள். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வரலாறு நடத்துகிறார். வந்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் (பழைய எகிப்திய நாணல் தாள்) துண்டின் படம், அசல் அளவிலேயே வெட்டியது. 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம் இருக்கும். முன்னால் ஏழு வரி, பின்னால் ஏழு வரி, ஒரு வரிகூட முழுசாக இல்லை. யோவான் 18ஆம் அதிகாரத்தில் ரோமானிய ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கிற இடம். 1920இல் எகிப்தில் விலைக்கு வாங்கி, 1935இல் அச்சில் வெளியிட்டார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் புதிய ஏற்பாட்டுத் துண்டுகளில் மிகப் பழையது இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். கன்வென்ஷன் மேடைகளில் 'கி.பி. 125' என்று ஆணியடித்த மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேராசிரியர் அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்தின் சாயலை வைத்துப் போட்ட காலம் இது. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி என்பவர்கள் அதிகம், இன்னும் பிந்தியும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு என்றார். தேதி கிழிந்துபோன பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பது எங்கள் தொழிலில் சகஜம். அந்த இடத்திலேயே மனுஷர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அசல் எங்கே என்ற கேள்விக்கும் அவர் சுற்றி வளைக்கவில்லை. அசல் கிடையாது. பவுலோ லூக்காவோ எழுதிய மூலப்பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருப்பதெல்லாம் நகலுக்கு நகல். கிரேக்கக் கைப்பிரதிகள் 5,000க்கு மேல் இருக்கின்றன என்பது பெரிய பலம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவை என்பதையும் சேர்த்தே சொன்னார். பிறகு மாற்கு 16ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் 8ஆம் வசனத்தோடு மாற்கு முடிந்துவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அங்கே இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வந்த கதையும் யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை.

வகுப்பு கப்சிப். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, "அப்போ அந்த ஸ்திரீ கதை பொய்யா ஐயா?" என்று கேட்டார்கள். "பொய்யின்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. யோவான்தான் எழுதினாருன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. பழைய காலத்துல வாய்வழியா இருந்த சம்பவம் பின்னால ஏட்டுல ஏறியிருக்கலாம்னு நெறய அறிஞர்கள் நினைக்காங்க" என்றார். "நான் எப்பவும் போலத்தான் வாசிப்பேன்" என்றார்கள் அம்மா. "தாராளமா வாசிங்கம்மா, நானும் வாசிக்கேன்" என்றார். இதை மறைத்து வைத்துவிட்டு, நாளைக்குக் காலேஜில் படிக்கிற பேரன் செல்போனில் பார்த்துவிட்டு வந்து கேட்டால் அந்த அம்மா என்ன செய்வார்கள்? வில்லங்கத்தை விற்கிறவனே சொல்லிவிட்டால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை கூடும். மறைத்தவன் பத்திரத்தை வரிக்கு வரி சந்தேகப்படுவோம்.

ஒரு சந்தேகத்தை நானும் கேட்டேன். நகல் சுத்தமாக இருக்கிறது என்பது வேறு, நகலில் எழுதியிருப்பது நடந்தது என்பது வேறு. பொய்க் கிரயம் எழுதி, அதற்கு நூறு நகல் எடுத்தாலும் அது பொய்க் கிரயம்தானே? பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். பிரதிகளின் எண்ணிக்கை, எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைத்தான் காட்டும். அது உண்மையா என்பதற்குச் சாட்சியைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்துக்குப் போனார். அது எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 55, சிலுவைச் சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு. அதிலும் பவுல், 'நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்கு ஒப்புவித்தேன்' என்று சொல்லிவிட்டுத்தான், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தொடங்குகிறார். அதாவது அது அவருக்கும் முந்தின வாக்குமூலம். கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியில் தான். ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள் என்கிற தோரணை அது.

வெளிச்சாட்சிக்கு ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ். 64இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டதைச் சொல்லுமிடத்தில், திபேரியு பேரரசன் காலத்தில் பிலாத்துவால் கொல்லப்பட்ட 'கிறிஸ்து'விலிருந்து அந்தப் பெயர் வந்ததென்று போகிற போக்கில் எழுதுகிறார். கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாத ஆள், ஆகவே எதிர்க்கட்சிச் சாட்சி. அவர் பிலாத்துவின் பதவியை 'புரோகுரேட்டர்' என்று எழுதியிருக்கிறார். 1961இல் இஸ்ரேல் கடற்கரையிலுள்ள செசரியாவில் பழைய நாடக அரங்கின் படிக்கட்டில் பதித்திருந்த ஒரு கல் கிடைத்தது. பிலாத்துவின் பெயரே வெட்டியிருந்தது, பதவி 'பிரிஃபெக்ட்'. தாசிட்டஸ் தன் காலத்து வழக்கத்தில் எழுதிவிட்டார். பதவிப் பெயரைப் பிழையாக எழுதியதால் ஆளே இல்லை என்றாகிவிடாது; எங்கள் ஆபீசில் இதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவோம். இந்த இடத்தில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இயேசுவைப் பற்றி எழுதிய பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அதே நூலில் 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு' என்று வருகிற இன்னொரு இடம் பரவாயில்லாமல் நிற்கிறது. இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும் குடிமதிப்பும் (மக்கள்தொகைக் கணக்கு) உதைக்கிறது. சிரியாவின் ரோமானிய ஆளுநர் சிரேனியு எடுத்த குடிமதிப்பு கி.பி. 6இல், இயேசு பிறந்தபோது ராஜாவாக இருந்ததாகச் சொல்லப்படும் ஏரோது செத்ததோ கி.மு. 4இல். இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் நாலைந்தைச் சொல்லிவிட்டு, "எனக்கு எதுவும் திருப்தி இல்லை" என்று முடித்தார். 500 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்துக்கே செரித்துவிட்டது.

இதற்கு நேர்மாறு நான்காம் வாரம், 'பகுத்தறிவும் கடவுளும்'. வேறு ஒரு இளைஞர் நடத்தினார். பாவம், நல்ல பையன். ஆனால் அமெரிக்க யூடியூப்பை அப்படியே இறக்கி வைத்தார். உண்டானதற்கெல்லாம் காரணம் உண்டு, பிரபஞ்சம் உண்டானது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு. எனக்குப் பக்கத்தில், என் அழைப்புக்காக வந்திருந்த தமிழ்ப் புலவர் ஐயா, தீவிர சைவர், காதோரமாகச் சொன்னார்: "இது எங்க சிவஞானபோதம் முதல் சூத்திரம்லா வே? 'அவன் அவள் அது எனும்'னு மெய்கண்டார் தொடங்குறதே இப்படித்தான." உண்மைதானே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் தமிழில் போட்ட வாதம் அது. குயவனில்லாமல் குடமில்லை என்று நியாய தர்க்க சாஸ்திரக்காரர்கள் அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த வழியில் போனால் ஒரு கர்த்தா உண்டு என்கிற வரைக்கும் புலவர் ஐயாவும் நானும் கைகோத்துக்கொண்டே போகலாம். அங்கேயிருந்து நாசரேத்தூர் இயேசுவிடம் எப்படிப் போவது என்பதுதான் கேள்வி, அதற்கு அந்தப் பாடத்தில் பாதை இல்லை. பக்கத்தில் மெய்கண்டாரை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் இந்தப் பாடத்தை இறக்குமதிச் சரக்காக நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே வாரத்தில் துன்பத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. மனிதனுக்குச் சுயாதீனம் உண்டு, அதனால் தீமை என்றார் பையன். ஒரு நர்சிங் மாணவி சுனாமியைக் கேட்டாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்; வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் கடற்கரையில் செத்தார்கள். அதில் யாருடைய சுயாதீனம்? பையன் தடுமாறிப்போய், பைபிளில் துன்பத்தைப் பேசுகிற யோபுவின் புத்தகத்தை எடுத்தார். யோபு பட்ட துன்பத்துக்கு நண்பர்கள் காரணம் சொல்லத் தொடங்கியதுதான் அந்தப் புத்தகத்தில் பெரிய தப்பு என்பதை அவரே வாசித்துக்கொண்டு வரும்போது கண்டுபிடித்தார் போலிருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டார். பாடம் கெட்டது, ஆனால் அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்தது.

ஐந்தாம் வாரம் வெளியூரிலிருந்து ஒரு சிறப்புப் பேச்சாளர். காசு திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தது இங்கேதான். திருவள்ளுவர் அப்போஸ்தலன் தோமாவின் சீடர், திருக்குறள் மலைப்பிரசங்கத்தின் தமிழாக்கம் என்று ஒரு மணி நேரம். ஒரு கல்வெட்டு, ஒரு ஓலை, ஒரு பழைய உரையாசிரியர் வாக்கு, ஒன்றும் காட்டவில்லை. தோமா இந்தியாவுக்கு வந்த கதைக்காவது மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூல் ஒன்று இருக்கிறது. அதில் வரும் கோண்டபோரஸ் ராஜாவின் நாணயங்கள் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன. மயிலாப்பூரில் நெடுங்கால மரபு இருக்கிறது. அதை அதன் எடைக்குச் சொன்னால் கேட்கிறவன் காது கொடுப்பான். வள்ளுவரை நம் ரேஷன் கார்டில் சேர்த்தால், எதிரே இருப்பவன் மற்ற ஆதாரத்தையும் குப்பையில் போடுவான். போதாக்குறைக்கு அடுத்தவர்கள் கும்பிடும் சாமிகளைப் பற்றி இரண்டு கிண்டல். புலவர் ஐயா எழுந்து போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அடுத்த வாரம் சபைப் போதகர் ஐயரவர்கள் வகுப்பின் முன்னால் புலவர் ஐயாவிடம் வருத்தம் தெரிவித்தார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆறாம் வாரம் சபை வரலாறு. ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுத்துப் பைபிள் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற கதைக்கு நல்ல பதில் கிடைத்தது: 325இல் அங்கே நடந்த விவாதம் வேறு, இப்போதுள்ள 27 புத்தகங்களும் அப்படியே வரும் பட்டியலை முதலில் பார்ப்பது 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதத்தில். ஆனால் நம்மூர்ச் சபை வரலாற்றுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. ஒருவர் சாதியைக் கேட்டார். "அது மனுஷனோட குற்றம், விசுவாசத்தோட குற்றமில்ல" என்று ஒரே வரியில் தாண்டிப்போய்விட்டார்கள். இந்த ஜில்லாவில் அப்படித் தாண்ட முடியுமா? வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் விரித்த மாதிரி இரண்டு பகுதியாகக் கட்டி, சாதிக்கொரு பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். 1910இல் நடுச்சுவரை இடித்தபோது ஒரு கூட்டம் கோர்ட்டுக்குப் போய், மெட்ராஸ் ஐகோர்ட் வரை வழக்காடித் தோற்றது. புராட்டஸ்டன்டுகள் நாங்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. பத்திரம், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28 பேரில், அனுபோகம் வேறு ஆள் கையில். சுவரை இடித்ததும் ஒரு பிஷப்தான் என்பதையாவது சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்டவர் அடுத்த வாரம் வரவில்லை.

ஏழாம் வாரம் இந்த வகுப்பின் உச்சம். நம்பாதவர்களை, வேறு மதத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிப் பழகுகிறார்கள். ஒரே விதி: எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில் சொல்லலாம். கேட்கச் சுலபம். முதல் சுற்றில் ஒருவரும் தேறவில்லை. பேராசிரியர் இதற்கு முன்மாதிரியாகத் தரங்கம்பாடியைச் சொன்னார். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் பின்னால் வந்த கிருண்ட்லரும், இங்குள்ள தமிழர்களுக்குக் கடிதமெழுதி அவர்கள் சமயத்தைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டார்கள். 1712 முதல் வந்த பதில்களை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார்கள். அந்தப் பதில்களில் கிறிஸ்தவர்கள் குடிப்பதையும் மாடு தின்பதையும் ஏசுகிற கடிதங்களும் உண்டு, அவையும் அச்சேறின. எதிர்முகாமிலிருந்து ஆறுமுக நாவலரைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர், அதே வேதத்திலிருந்து மேற்கோள் எடுத்து 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். எதிராளியின் நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு வாதாடினார். கிறிஸ்தவப் பிரசங்கி எத்தனை பேர் அப்படித் திருவாசகம் படித்திருக்கிறோம்? காரையிருப்பில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ண பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது எனக்கு மனக்குறை. வைணவத்தையும் கம்பனையும் உள்ளே இருந்து தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர்.

நான் ஸ்டாம்ப் வெண்டர் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கறுப்புச்சட்டையோடுதான் வந்தார். வடையை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, பேராசிரியர் எதிரே உட்கார்ந்தார். பவுலின் சாட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கல்லறைக்கு முதல்ல போனது பொம்பளைங்கன்னு நாலு சுவிசேஷமும் சொல்லுது. இவரு லிஸ்ட்ல ஒரு பொம்பள பேரும் இல்லியே, ஏன்?" என்றார். வகுப்பில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. பேராசிரியர் விதிப்படி கேள்வியைத் திருப்பிச் சொன்னார், அண்ணாச்சி தலையாட்டினார். அந்தக் காலத்தில் பெண்கள் சாட்சியம் செல்லாது என்று வரலாற்றாசிரியர் யோசேப்பே எழுதுகிறார். பவுல் பட்டியல் சபையில் எடுபடுகிற சாட்சிகளைச் சொல்கிறது, சுவிசேஷங்களோ எடுபடாத சாட்சியையும் விடாமல் எழுதியிருக்கின்றன. கதை கட்டுகிறவன் செல்லாத சாட்சியை முதலில் நிறுத்த மாட்டான் என்றார். "இது நிரூபணம்னு சொல்லுதீயளா?" என்றார் அண்ணாச்சி. "இல்ல. யோசிக்க வைக்கிற ஒரு காரணம்னு சொல்லுதேன்." அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செத்தவன் எந்திரிக்க மாட்டான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நீங்க ஏமாத்தல" என்றார். ஈஸ்டர் திங்கட்கிழமை கிண்டல் இன்னும் நின்றபாடில்லை.

எட்டாம் வாரம் சான்றிதழும் குரூப் போட்டோவும்.

யாருக்கு இது உதவும்? காலேஜ் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள், வேலையிடத்தில் கேள்வி கேட்கிற நண்பர் உள்ளவர்கள், பிரசங்கத்தில் 'அறிவியலே நிரூபித்துவிட்டது' என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் கட்டாயம் போகலாம். வாட்ஸ்அப்பில் அடுத்தவன் வாயை அடைக்க ஆயுதம் தேடுகிறவர்கள் போனால் ஏமாந்துபோவார்கள், ஐந்தாம் வாரம் தவிர. நம்பாதவர்கள் வரலாற்று வாரங்களுக்கும் ஏழாம் வாரத்துக்கும் மட்டும் வரலாம். அப்படி வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. ஹாலில் ஃபேன் சத்தம் அதிகம், முன்னால் உட்காருங்கள். வண்டி நிறுத்த இடம் தாராளம். வடை 7 மணிக்கு வருகிறது, 7.10க்கு இருக்காது.

குறிப்புப் புத்தகத்தை ஒருவரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. தாசிட்டஸ் எழுதிய ஆண்டு 1116 என்று அச்சாகியிருக்கிறது. வாங்கின கையோடு பேனாவால் 116 என்று திருத்திக்கொள்ளுங்கள்.